பதினேழு பேரின் கண்கள்

1990களின் நடுவில், நான் உதவியாசிரியனாக இருந்த ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்கு, மயிலேறிய முருகனின் சித்திரம் ஒன்றை அட்டைப்படமாகத் தேர்ந்திருந்தோம். ஓவியர் பல நாள் இருந்து தீட்டித் தந்த அந்தச் சித்திரத்தை ஸ்கேன் செய்து கணிப்பொறித் திரையில் ஏற்றியபோது, மயிலின் கழுத்து நீலம் மூலத்தில் இருந்ததைக் காட்டிலும் ஒரு படி மேலாகவே ஒளி வீசியது; அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து திரையின் முன் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பத்து நாள் கழித்து அச்சகத்திலிருந்து வந்த முதல் கட்டைப் பிரித்தபோது, அந்த நீலம் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. ஓவியர் அட்டையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

மறுநாள் அச்சகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த வயதான மெஷின்மேன் என்மேல் குற்றம் சொல்லவில்லை, தம்மேலும் ஏற்றுக்கொள்ளவில்லை. அட்டையின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, சயான் நூறு போட்டு மஜெண்டாவும் நூறு போட்டா நீலம் வராது, கத்தரிப்பூதான் வரும். மஜெண்டாவை முப்பது குறைச்சு வைங்க, மயில் மயிலா வரும்" என்றார். ஏன் அப்படி என்று கேட்டேன். "ஏன்னு தெரியாது தம்பி, நாப்பது வருஷமா அப்படித்தான்" என்பதே பதில். அந்த 'ஏன்' என்பதைத் தேடிப் போனதில்தான், ஒரு நிறத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிதையாமல் கொண்டு சேர்ப்பதற்காக மனிதர்கள் ஏறக்குறைய முந்நூறு வருஷ காலம் பட்ட பாடு என் கண்ணுக்குத் தெரிய வந்தது.

இந்தச் சரித்திரத்தின் வாசலில் நிற்பவர், பிராங்க்பர்ட் நகரில் 1667இல் பிறந்த யாக்கோப் கிறிஸ்டோப் லே பிளான் என்ற சித்திரக்காரர். சூரியவெளிச்சம் பல வர்ணங்களாகப் பிரியும் என்று நியூட்டன் காட்டியிருந்த காலம் அது. சித்திரக்காரனின் பலகையில் எத்தனை வர்ணம் இருந்தாலும், நீலம், மஞ்சள், சிவப்பு என்ற மூன்றை மட்டும் தக்க அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் அத்தனையும் கிடைத்துவிடும் என்று லே பிளான் நம்பினார். ஒரே படத்துக்கு மூன்று செப்புத் தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் கையாலேயே சொரசொரப்பாக்கி, எங்கே எவ்வளவு மை பிடிக்கவேண்டுமோ அங்கே அவ்வளவுக்கு மழித்தெடுக்க வேண்டும். தம் எதிரே இருக்கும் ஒரு கன்னத்தின் நிறத்தில் நீலம் எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று மனத்துக்குள்ளேயே பிரித்துப் பார்த்து, அந்தப் பங்கீட்டை உலோகத்தில் இறக்கிய முதல் மனிதர் என்று அவரைச் சொல்வது மிகையாகாது. 1719இல் இங்கிலாந்தில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பங்குதாரர்களைச் சேர்த்து ஒரு கம்பெனியும் கண்டார். கம்பெனி நொடித்துப்போயிற்று. 1741இல் பாரிஸில் அவர் காலமானபோது, அவர் கண்டுபிடித்த தத்துவம் உண்மை என்பதைப் பலரும் அறிந்திருந்தார்கள். ஆனால் அதைக் கையாள அவருடைய கண் வேண்டியிருந்தது. கண்ணை யாருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போக முடியவில்லை.

கண்ணை நம்பியே நடந்த அந்தத் தொழில், கல்லச்சு வந்தபின் பெருகியது. மியூனிக் நகரில் 1796ஆம் வருஷத்தை ஒட்டி அலாய்ஸ் செனஃபெல்டர் கண்ட முறை அது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டியெடுக்கும் மென்மையான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கரியால் எழுதி, நீர் தடவி, மை உருட்டினால், எழுதிய இடம் மையைப் பிடிக்கும். மற்ற இடம் தள்ளும். 1837இல் மூல்ஹவுஸைச் சேர்ந்த கோட்ஃபுருவா எங்கெல்மன் வர்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின், ஒரு படத்துக்கு எட்டு, பன்னிரண்டு, இருபது என்று கற்கள் ஏறின. மூன்று வர்ணத்தை வைத்து எல்லாவற்றையும் சமைக்கும் லே பிளானின் சிக்கனம் அங்கே இல்லை. வெளிர்நீலத்துக்கு ஒரு கல், அடர்நீலத்துக்கு ஒரு கல், தோலின் நிழலுக்கு ஒரு கல், தங்க நகைக்கு ஒரு கல் என்று, வேண்டிய வர்ணத்தையெல்லாம் நேராகவே குழைத்து அச்சிட்டார்கள்.

நம்முடைய வீடுகளுக்கு வர்ணப்படம் வந்தது இந்த வழியாகத்தான். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவியபோது, ஜெர்மானிய யந்திரங்களும் ஜெர்மானியத் தொழில்நுட்பரும் அதற்கு வேண்டியிருந்தனர். பின்னாளில் அந்த அச்சுக்கூடத்தை விலைக்கு வாங்கி நடத்தியவரும் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரே. தைலவர்ணச் சித்திரத்தில் லட்சுமியின் சேலையிலிருந்த செம்மை, கல்லில் இறங்கித் தாளில் ஏறிப் பூஜை அறைக்கு வந்து சேர்ந்தபோது எவ்வளவு மாறியிருந்தது என்று ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. மூலச்சித்திரத்தைக் கண்டவர்கள் சிலர்; அச்சைக் கண்டவர்கள் லட்சோபலட்சம். ஆகையால் அச்சின் நிறமே தெய்வத்தின் நிறமாகிவிட்டது.

சிவகாசியிலும் இதே கதை வேறொரு ரூபத்தில் நடந்தது. 1920களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதும், பெட்டிக்கு ஒட்டும் லேபிள்களுக்காக அச்சு வந்தது. லேபிளிலிருந்து காலண்டருக்குப் போக வெகுகாலம் ஆகவில்லை. மயிலாப்பூரில் 1898இல் பிறந்து, பின்னாளில் கோவில்பட்டியில் தங்கிய கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வப்படங்கள் சிவகாசி அச்சகங்களில் ஏறித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. ஓவியர் தந்த படத்தை எதிரே வைத்துக்கொண்டு, மஞ்சள் தகட்டுக்கு இவ்வளவு புள்ளி, சிவப்புத் தகட்டுக்கு இவ்வளவு புள்ளி என்று தம் கண்ணாலேயே பிரித்து, பேனா முனையால் ஆயிரக்கணக்கான புள்ளிகளை வைத்து நிழலும் ஒளியும் உண்டாக்கிய லித்தோ ஓவியர்கள் அங்கே இருந்தார்கள். காலண்டரில் மூல ஓவியரின் கையெழுத்து இருந்தது. புள்ளி வைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. முருகனின் கன்னத்தில் செம்மை எவ்வளவு என்று உண்மையில் தீர்மானித்தவர் அந்தப் பெயரில்லாதவர்தான் என்பதை நாம் இப்போதாவது நினைத்துக்கொள்ள வேண்டும்.

வர்ணத்தை ஒருவர் கண்ணிலிருந்து விடுவித்து எண்ணாக மாற்றும் முயற்சி, சித்திரக்காரர்களின் கூடத்தில் அல்ல, பௌதிக சாஸ்திரிகளின் இருட்டறையில் நடந்தது. மனிதக் கண்ணில் மூன்று வகையான உணர்வுகளே உண்டு, அவற்றின் கலப்பே நாம் காணும் வர்ணங்கள் அத்தனையும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாமஸ் யங் ஊகித்திருந்தார். 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஒரு கட்டம்போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்த புகைப்படங்களை, அதே வர்ண விளக்குகளால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்திக் காட்டினார். வர்ணங்கள் திரையில் எழுந்தன. அந்தக் காலத்துப் புகைப்படத் தகட்டுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்கவே உறைக்காது. அப்படியிருக்கச் சிவப்பு எப்படிப் பதிந்தது என்ற கேள்விக்கு, சரியாக நூறு வருஷம் கழித்து 1961இல், கோடாக் ஆராய்ச்சிக்கூடத்தில் விடை கிடைத்தது: ரிப்பனிலிருந்த சிவப்புச் சாயம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரையும் சேர்த்துப் பிரதிபலித்திருக்கிறது. தகட்டில் பதிந்தது அதுவே. தத்துவம் சரி, சோதனை வென்றது மட்டும் அதிர்ஷ்டம்.

இனி நான் சொல்லப்போவது இந்தச் சரித்திரத்தின் கருவறை. 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் இருவர், ஒருவர் செய்வதில் மற்றவர் தலையிடாமல், ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த டேவிட் ரைட் என்ற இளைஞர். மற்றவர் டெடிங்டனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் ஜான் கில்ட். சோதனை எளிமையானது. இருட்டறையில் அமர்ந்த ஒருவர், கருவியின் துவாரம் வழியாக ஒரு சிறு வெளிச்சப் பரப்பைப் பார்க்கிறார். பரப்பின் ஒரு பாதியில், வானவில்லிலிருந்து பிரித்தெடுத்த ஒரு தனி வர்ணம். மறு பாதியில், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகளின் கலவை. மூன்று விளக்குகளையும் கூட்டியும் குறைத்தும், இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள கோடு மறைந்து, இரண்டும் ஒன்றே என்று தோன்றும்வரை திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். தோன்றியதும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த வர்ணம். மறுபடியும் இருட்டு, மறுபடியும் அந்தக் கோடு.

பார்த்த பரப்பு மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் கண்ணுக்கு அது எவ்வளவு அகலம் தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவே. ரைட்டின் கருவியில் பார்த்தவர்கள் பத்துப் பேர். கில்டின் கருவியில் ஏழு பேர். கருவிகள் வேறு, விளக்குகள் வேறு, இடம் வேறு. ஆயினும் இரண்டு முடிவுகளையும் ஒரே அளவுக்கு மாற்றி அருகருகே வைத்துப் பார்த்தபோது, அவை வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போயின. சர்வதேச ஒளியளவுக் கமிஷன் 1931 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் கூடியபோது, இந்த 17 பேரின் சராசரியை, ஒளிர்வைப் பற்றி 1924இல் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த அளவோடு இணைத்து, உலகத்துக்கே பொதுவான பார்வையாகப் பிரகடனம் செய்தது. 'நியமப் பார்வையாளர்' என்று அதற்குப் பெயர். பிறக்காத, இறக்காத ஒரு மனிதர். அவருக்கு இரண்டு பொருள்கள் ஒரே நிறமாகத் தெரிந்தால் அவை ஒரே நிறம்.

ஒரு வர்ணத்தை எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று எண்களால் சொல்லிவிடலாம் என்று அதுமுதல் ஆயிற்று. அந்த எண்களில் மையின் பெயர் இல்லை, சாயத்தின் பெயர் இல்லை, கருவியின் பெயர் இல்லை. ஒரு கண்ணின் சாட்சியம் மட்டுமே உண்டு. லே பிளான் எழுதிவைத்துவிட்டுப் போக முடியாத பொருளை, இரண்டு நூற்றாண்டு கழித்து அந்த 17 பேர் எழுதிவைத்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இன்று நம் கையிலுள்ள தொலைபேசித் திரையும், மேசைமேல் உள்ள கணிப்பொறியும், சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் யந்திரத்தின் அளவுகோலும், ஒவ்வொரு நொடியும் அந்த இருட்டறையில் அமர்ந்தவர்களைத்தான் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருக்கின்றன. 1964இல் இன்னும் பலர் கண்களைச் சோதித்து, அகன்ற பரப்புக்கென்று வேறொரு பார்வையாளரையும் கமிஷன் ஏற்படுத்தியது. ஆனால் அச்சுத் தொழில் இன்றளவும் பழையவரை விட்டு அகலவில்லை.

நிறத்தைச் சொல்லக் கற்றபின், இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்லக் கற்க வேண்டியிருந்தது. கோடாக்கில் பணிபுரிந்த டேவிட் மக்ஆடம் 1942இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெரும்பகுதியும் ஒரே ஒருவர் அமர்ந்து 25,000 தடவைக்கு மேல் வர்ணம் பொருத்திப் பார்த்திருக்கிறார். பச்சையில் பெரிய மாறுதலைக்கூடக் கண் பொறுத்துக்கொள்கிறது, நீலத்தில் சிறு மாறுதலையும் பொறுப்பதில்லை என்பது அதிலிருந்து துலங்கிற்று. இதையெல்லாம் ஓரளவு சமன் செய்து 1976இல் கமிஷன் வகுத்த 'லாப்' என்ற அளவுமுறையில்தான் இன்றைய அச்சகங்கள் பேசுகின்றன. அதில் ஒரு பங்கு வித்தியாசம் என்றால், பழகிய கண் கூர்ந்து பார்த்தால் தெரியும். ஐந்து பங்கு என்றால், அருகருகே வைத்தால் பெரும்பாலும் எவருக்கும் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் இப்படி எண் பிறந்துகொண்டிருக்க, அச்சுக்கூடத்தில் மை தன் குணத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. திரையில் வெளிச்சத்தோடு வெளிச்சம் கூடி நிறம் உண்டாகிறது. தாளிலோ, வெள்ளை வெளிச்சத்திலிருந்து மை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவதே நிறம். சயான் சிவப்பைப் பிடுங்க வேண்டும், மஜெண்டா பச்சையை, மஞ்சள் நீலத்தை. சாஸ்திரப்படி அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் அப்படித் தூய்மையான மை கிடையாது: சயான், சிவப்பை முழுவதும் பிடுங்காமல் கொஞ்சம் விட்டுவிடுவதோடு, தனக்குச் சம்பந்தமில்லாத பச்சையிலும் நீலத்திலும் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது, மஜெண்டா, பச்சையோடு நீலத்தையும் கணிசமாகத் தின்கிறது. இரண்டையும் சரிக்குச் சரி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால், மிஞ்ச வேண்டிய நீலம் மங்கி, மறைய வேண்டிய சிவப்பு எட்டிப்பார்க்கிறது. என் மயிலின் கழுத்து கத்தரிப்பூவானதன் காரணம் இதுவே; அந்த மெஷின்மேன் மஜெண்டாவை முப்பது குறைக்கச் சொன்னதன் காரணமும் இதுவே. சாம்பல் நிறத்துக்கும் இதே நியாயம்: மூன்று மையும் சம பங்கு என்றால் சாம்பல் வராது, செங்காவி ஏறிவிடும், சயான் 50 என்றால் மற்ற இரண்டும் ஏறக்குறைய 40 இருக்கவேண்டும்.

இதோடு புள்ளியின் உபத்திரவம் வேறு. அச்சில் வெளிர்நீலம் என்று தனி மை இல்லை. சிறு சிறு புள்ளிகளாக அச்சிட்டு, இடையே தாளின் வெள்ளையை விட்டுவைத்தால், கண் இரண்டையும் கலந்து வெளிர்நீலமாகக் காண்கிறது. கறுப்பையும் சேர்த்து நான்கு மையின் புள்ளி வரிசைகளும் ஒரே திசையில் போனால் அலைஅலையாகக் கோலம் விழும் என்பதால், கறுப்பை 45 பாகையிலும், சயானையும் மஜெண்டாவையும் அதிலிருந்து முப்பது முப்பது பாகை விலக்கியும், கண்ணில் அதிகம் உறுத்தாத மஞ்சளை நேர்க்கோட்டிலும் வைப்பார்கள். இவ்வளவு ஜாக்கிரதையாக வைத்த புள்ளி, ரப்பர் உருளையின் அழுத்தத்தாலும் தாள் மையை உறிஞ்சுவதாலும் தடித்துவிடுகிறது; தகட்டில் 50 பங்காக இருந்த புள்ளி, வழவழப்பான தாளில் 65, 70 பங்காகத் தெரியும்; நியூஸ்பிரிண்டில் இன்னும் மோசம். ஆகவே மையின் குற்றத்துக்கும் புள்ளியின் தடிப்புக்கும் முன்கூட்டியே பரிகாரம் செய்து, பிலிமில் ரசாயனத் திரவத்தைத் தூரிகையால் தொட்டு, புள்ளிகளை மயிரிழை மயிரிழையாகக் கரைத்துச் சிறிதாக்கும் தொழிலாளர்கள் எல்லா நாட்டு அச்சகங்களிலும் இருந்தார்கள். சிவகாசியின் புள்ளி ஓவியருக்கு அவர்கள் தூரத்துச் சகோதரர்கள்.

அந்தக் கைப்பரிகாரத்தை மின்சாரத்துக்குப் பழக்கியது ஸ்கேனர். கோடாக்கில் தொடங்கிய முயற்சியை டைம் பத்திரிகைக் கம்பெனி வாங்கி வளர்த்தது. இங்கிலாந்தில் கிராஸ்ஃபீல்டும், ஜெர்மனியின் கீல் நகரில் ருடால்ஃப் ஹெல்லும் பின்தொடர்ந்தார்கள். சுழலும் கண்ணாடி உருளையில் படத்தை ஒட்டி, ஒளிப்புள்ளி ஒன்று வரிவரியாக அதைப் படித்துக்கொண்டே போக, நான்கு மைக்கான பங்கீட்டை யந்திரமே கணித்துவிடும். 1979இல் இஸ்ரேலின் சைடெக்ஸ் கம்பெனி கொண்டுவந்த அமைப்பில், படத்தைத் திரையிலேயே வைத்துத் திருத்தவும் முடிந்தது. ஆனால் இந்த யந்திரங்களின் விலை, பெரிய அச்சகங்களாலேயே தாங்க முடியாத விலை. ஒன்றை வாங்கியவர் அதற்கென்று குளிரூட்டிய அறையும், அதை அறிந்த ஒரே ஒரு நிபுணரும் வைத்திருப்பார். ஸ்கேனர், திரை, பிலிம் மூன்றும் ஒரே கம்பெனியின் சரக்கு; ஒன்றோடொன்று பேசிப் பழகியவை. ஆகவே அந்த அறைக்குள் வர்ணம் சொன்னபடி கேட்டது. அறைக்கு வெளியே என்ன ஆகும் என்று கவலைப்படவேண்டிய அவசியமே அப்போது எழவில்லை.

எழுந்தது 1980களில். 1984இல் மேகின்டாஷ் கணிப்பொறியும், அச்சுப் பக்கத்தை எழுத்தாலேயே வர்ணிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் வந்தன. அடுத்த வருஷம் லேசர்ரைட்டரும், ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கரும் சேர்ந்தன. மேசைமேலேயே பத்திரிகைப் பக்கம் தயாராகிற வித்தை அன்று பிறந்தது. முதல் மேகின்டாஷில் கறுப்பும் வெளுப்பும்தான்; 1987இல் வர்ணத்திரை வந்தது, 1990இல் ஃபோட்டோஷாப் வந்தது. கோட்டையின் மதில் இடிந்துபோயிற்று. ஒருவர் அமெரிக்க ஸ்கேனரில் படமெடுத்து, ஜப்பானியத் திரையில் பார்த்துத் திருத்தி, வேறொருவர் கடையில் பிலிம் போட்டு, மூன்றாம் ஊரில் அச்சிடத் தொடங்கினார். ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாத கருவிகள். சிவப்பு 200 என்று கோப்பில் எழுதியிருந்தால், ஒரு திரை அதைக் குங்குமமாகக் காட்டும், இன்னொரு திரை செங்கல்லாகக் காட்டும், அச்சு யந்திரம் மூன்றாவதாக ஒன்றைச் செய்யும். எண் ஒன்றுதான், அதற்கு அர்த்தம்தான் ஆளுக்கொன்று. என் மயிலின் கதை நடந்த காலம் அது.

பரிகாரத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நியூஜெர்சியில் லாரன்ஸ் ஹெர்பெர்ட் 1963இல் பான்டோன் என்ற பெயரில் செய்து காட்டியது: வர்ணத்துக்கு வர்ணம் நம்பரிட்டு, மைக்கலவைப் பக்குவத்தையும் குறித்து, விசிறியாக விரியும் மாதிரிப் புத்தகமாக ஊரெங்கும் அனுப்பிவிடுவது. கம்பெனி முத்திரைக்கும் பெட்டிக்கும் அது இன்றும் தெய்வவாக்கு. ஆனால் ஒரு புகைப்படத்தில் உள்ள லட்சக்கணக்கான நிறங்களுக்கு நம்பரிட முடியாது. இரண்டாவது வழி, ஒவ்வொரு கருவியையும் அந்த நியமப் பார்வையாளரின் முன் கொண்டுவந்து நிறுத்தி, அதன் குணத்தைச் சாட்சியமாக எழுதி வாங்கிக்கொள்வது.

1993இல் அடோபி, அக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், சிலிக்கான் கிராஃபிக்ஸ், சன், டாலிஜென்ட் என்ற எட்டுக் கம்பெனிகள், சந்தையில் போட்டியிட்டுக்கொண்டே, இந்த விஷயத்தில் மட்டும் ஒன்றாக உட்கார்ந்தன. சர்வதேச வர்ணக் கூட்டமைப்பு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அவர்கள் வகுத்த புரொஃபைல் என்பது, ஒரு கருவியின் ஜாதகம். திரைக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, இன்ன மை, இன்ன தாள், இன்ன யந்திரம் என்ற சேர்க்கைக்கு ஒன்று. 'நான் சிவப்பு 200 என்று சொன்னால், நியமப் பார்வையாளரின் கண்ணுக்கு அது இன்ன வர்ணம்' என்று அதில் எழுதியிருக்கும். திரையின் ஜாதகத்தைப் பார்த்து அதன் எண்ணைப் பொதுமொழிக்கு மாற்றி, பொதுமொழியிலிருந்து யந்திரத்தின் ஜாதகத்தைப் பார்த்து மைப் பங்கீடாக மாற்றினால், பயணம் முடிந்தது. இருநூறு கருவிகள் இருந்தாலும், ஒவ்வொன்றும் தன் தாய்மொழியோடு ஒரே ஒரு பொதுமொழியைக் கற்றால் போதும்.

அச்சு யந்திரத்தின் ஜாதகத்தைக் கணிக்கும் முறை, அருகிருந்து பார்க்கத்தக்கது. நான்கு மைகளையும் வெவ்வேறு பங்கில் சேர்த்த 1,617 சிறு கட்டங்கள் கொண்ட ஒரு தாளை அச்சிடுகிறார்கள். பார்ப்பதற்குச் சுங்குடிச் சேலையின் முந்தானை போல் இருக்கும். மை உலர்ந்தபின், நிறமாலை அளக்கும் கருவி கட்டம் கட்டமாக நகர்ந்து, ஒவ்வொன்றின்மேலும் ஒளியைப் பாய்ச்சித் திரும்புவதைப் படிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள். அந்த எண்களின் அட்டவணையிலிருந்து, 'இந்த யந்திரத்தில் இன்ன நீலம் வேண்டுமானால் மஜெண்டா எவ்வளவு குறையவேண்டும்' என்பது தானாகவே கிடைத்துவிடுகிறது. மெஷின்மேன் நாற்பது வருஷத்தில் கற்ற முப்பது, அங்கே ஒரு மணி நேரத்தில் எண்ணாக வந்து நின்றதை முதன்முறை பார்த்தபோது, எனக்கு மகிழ்ச்சியும், அவரை நினைத்து ஒரு துக்கமும் சேர்ந்தே உண்டாயின. இத்தகைய அளவுகளைப் பல தாள்களுக்கும் சேகரித்து உலகத்துக்குப் பொதுவாகத் தந்த ஃபோக்ரா என்ற ஆய்வு நிறுவனம், 1951இல் தோன்றியது. செனஃபெல்டர் கல்லில் மை உருட்டிய அதே மியூனிக் நகரத்தில்.

ஆரம்பத்தில் இந்த முறையை மதித்தவர்களைவிட அஞ்சியவர்களே அதிகம். 1998இல் ஃபோட்டோஷாப்பின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, பழைய கோப்புகளைத் திறந்தவுடன் புரொஃபைல் பொருந்தவில்லை என்று அது கேள்வி கேட்டது, கேள்வி புரியாதவர்கள் எதையோ அழுத்தினார்கள், நிறம் மாறிப்போயிற்று. வர்ண நிர்வாகத்தை அணைத்துவைப்பதே க்ஷேமம் என்று டிடிபி கடைகளில் ஒரு வழக்கம் பரவியது. அது தவறான வழக்கம் என்று உறுதியாகச் சொல்வேன். அணைத்துவைத்தால் மொழிபெயர்ப்பு நின்றுபோவதில்லை. மொழிபெயர்ப்பவர் யார் என்று தெரியாமல் போகிறது, அவ்வளவே.

ஜாதகம் சரியாக இருந்தாலும் கிடைக்காத நிறங்கள் உண்டு. திரையில் எரியும் மயில்நீலத்தையும், ராமர் பச்சையையும், நான்கு மைகளால் எட்டவே முடியாது. எட்டாத வர்ணத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்பதற்கு நான்கு விதிகளை வகுத்தார்கள். வர்ணங்களுக்குள் உள்ள உறவு கெடாமல் படம் முழுவதையும் சற்றே ஒடுக்குவது ஒரு விதி. எட்டுகிற வர்ணங்களை அப்படியே விட்டு, எட்டாதவற்றை மட்டும் எல்லைக்கு இழுப்பது மற்றொன்று. எதைத் தேர்வது என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். வெளிச்சத்தின் மாயமும் உண்டு. கடையின் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த ரவிக்கைத் துணியும் சேலையும், வெயிலில் வேறு வேறாகிவிடுவதை நம் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். அச்சிலும் அதே கதை. ஆகையால்தான், பகல்வெளிச்சத்துக்கு ஒப்பான, 5,000 கெல்வின் அளவிலான நியம விளக்கின் கீழ் வைத்தே தாளைப் பற்றித் தீர்ப்பு சொல்லவேண்டும் என்று விதித்தார்கள்.

சென்ற வருஷம் ஓர் அச்சகத்தில் மலர் அட்டை ஓடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். இம்முறையும் மயில். யந்திரத்தின் வாயில் வந்து விழுந்த தாளில் ஒன்றை உருவி, இளைஞர் ஒருவர் நியம விளக்கு எரியும் சாய்மேசையில் விரித்தார். ஓரத்தில் சிறு சிறு வர்ணச் சதுரங்கள் வரிசையாக இருந்தன. அளவுகோல் அதன்மேல் ஊர்ந்து போயிற்று. திரையில் எண்கள் தோன்றின. சயானில் வித்தியாசம் 2, மஜெண்டாவில் 3. இரண்டு இடத்தில் மை விடும் அளவைக் குறைத்து, இருநூறு தாள் ஓடவிட்டு, மறுபடியும் ஒன்றை உருவினார். வித்தியாசம் இன்னும் குறைந்திருந்தது. கழுத்து நீலம் நீலமாகவே இருந்தது. "சரியா இருக்குங்களா சார்?" என்றார். இருக்கிறது என்றேன். தலையசைத்துவிட்டு, அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யந்திரங்களின் இடைவழியே நடந்து, வாசலுக்குப் போய், காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.